ஐஎஸ்-95 சிடிஎம்ஏ: டிகோடர் சந்தேகங்கள், கேள்வி பதில்

சார், ஐஎஸ்-95 என்ற பழைய சிடிஎம்ஏ மொபைல் முறையில், ஃபார்வர்டு லிங்கில் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து போனுக்கு) 172 பிட் தகவல் 384 சிம்பலாக எப்படி ஆகிறது?

வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஃப்ரேம் (ஒரு தரவுத் துண்டு) 20 மில்லிசெகண்ட். 172 தகவல் பிட், பிழை உண்டா என்று சோதிக்க 12 சிஆர்சி பிட், என்கோடரைப் பூஜ்யத்துக்குத் திருப்ப 8 டெயில் பிட், மொத்தம் 192. பிழை திருத்தும் கன்வல்யூஷனல் கோடு ரேட் 1/2 (ஒரு பிட்டுக்கு இரண்டு சிம்பல்), கன்ஸ்ட்ரெயின்ட் லெங்த் 9 (இப்போதைய பிட்டும் முந்தைய எட்டும்). ஆக 384. ஜெனரேட்டர்கள் (எந்தெந்தப் பிட்டைக் கூட்டுவது என்று சொல்லும் எண்கள்) ஆக்டலில் 753, 561. இதே வரிசையில் போடுங்கள். மாற்றிப் போட்டால் உங்கள் என்கோடரும் டிகோடரும் ஒத்துப்போகும். பதிவு செய்த நிஜ சிக்னலைக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். டெயில் எட்டும் பூஜ்யம் என்பதால், விட்டர்பி டிகோடரின் டிரேஸ்பேக்கை (சிறந்த பாதையைப் பின்னோக்கித் தேடுவது) பூஜ்ய ஸ்டேட்டிலிருந்தே தொடங்கலாம். ஸ்டேட் என்பது என்கோடர் நினைவில் உள்ள எட்டு பிட்.

ஒவ்வொரு சிம்பலையும் 0 அல்லது 1 என்று முடிவு செய்துவிடும் ஹார்ட் டெசிஷன் போதாதா? 256 ஸ்டேட்டுக்கே பிராசஸர் திணறுகிறது.

எவ்வளவு நம்பகம் என்பதையும் சொல்லும் சாஃப்ட் டெசிஷனை விட்டால் சுமார் 2 டெசிபல் நஷ்டம். எல்லோரும் ஒரே 1.25 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது உங்களுக்கு வேண்டிய கூடுதல் பவர் அடுத்தவருக்கு இரைச்சல். 3 பிட் சாஃப்ட் மதிப்பே போதும். கால் டெசிபல் அளவுதான் இழப்பு. ஸ்டேட் எண்ணிக்கையும் மாறாது.

இன்டர்லீவர் (சிம்பல் வரிசையைக் கலைப்பது), ஸ்கிராம்ப்ளர் (லாங் கோடால் சிம்பலை மறைப்பது) எல்லாம் சரிபார்த்துவிட்டேன். டிகோடும் ஆகிறது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் பவர் கேட்கிறது. தரவு வேகம் குறைந்த ஃப்ரேம்களில் இன்னும் மோசம். ஏன்?

போன் தன் பவரைக் கூட்டவா குறைக்கவா என்று சொல்லும் பவர் கண்ட்ரோல் பிட்டை மறந்திருப்பீர்கள். வினாடிக்கு 800 முறை, அதாவது 1.25 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 24 சிம்பலில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பவர் கண்ட்ரோல் பிட்டை வைக்கிறார்கள். அந்த மதிப்பை அப்படியே டிகோடருக்குக் கொடுத்தால் பாதி நேரம் அது தப்பான சாட்சி. குறைந்த வேகத்தில் தரவு சிம்பலின் பவர் குறையும், இந்தப் பிட்டின் பவர் குறையாது. அதனால் பொய் இன்னும் உரக்கக் கேட்கும்.

அந்த இரண்டு இடத்திலும் எந்தப் பக்கமும் சாயாத சாஃப்ட் மதிப்பாக 0 போடுங்கள். டீஇன்டர்லீவ் செய்வதற்கு முன்பே போட வேண்டும். இப்படிச் சிம்பலை எடுத்துவிடும் பஞ்சர் நடப்பது இன்டர்லீவருக்குப் பிறகு. தொடக்க இடம் 0 முதல் 15 வரை மாறும். முந்தைய 1.25 மில்லிசெகண்டில் ஸ்கிராம்ப்ளிங்குக்குப் போன லாங் கோடின் கடைசி நான்கு பிட்தான் அதைத் தீர்மானிக்கிறது. என் அனுபவத்தில் 'டிகோடர் சரியில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படி டிகோடருக்கு முன்னால்தான் முடிகின்றன.

ரிவர்ஸ் லிங்கில் (போனிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு) சாஃப்ட் மதிப்பை எங்கிருந்து எடுப்பது?

அங்கே ரேட் 1/3. ஜெனரேட்டர்கள் 557, 663, 711. ஃப்ரேமுக்கு 576 சிம்பல். ஆறு ஆறாகச் சேர்த்து ஒன்றோடொன்று குழம்பாத 64 வால்ஷ் ஃபங்ஷன்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்புகிறார்கள். வந்த சிக்னல் ஒவ்வொரு ஃபங்ஷனோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் 64 கோரிலேட்டரின் ஆற்றலையும் கணக்கிடுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும், அந்தப் பிட் 0 ஆக உள்ள 32-ல் பெரியதிலிருந்து, 1 ஆக உள்ள 32-ல் பெரியதைக் கழியுங்கள். அதுதான் சாஃப்ட் மதிப்பு.

நடந்துகொண்டே பேசும்போது ஃப்ரேம் பிழை கூடுகிறது, காரில் குறைகிறது. தலைகீழாக இருக்கிறதே?

850 மெகாஹெர்ட்ஸில் மணிக்கு 3 கிமீ வேகத்துக்கு டாப்ளர் (நகர்வதால் வரும் அதிர்வெண் மாற்றம்) 2.4 ஹெர்ட்ஸ்தான், அதாவது சிக்னல் மெதுவாகவே ஏறி இறங்கும். சிக்னல் பலம் சரியும் பள்ளம் வந்தால் ஃப்ரேம் முழுவதும் பள்ளத்திலேயே கிடக்கும். 20 மில்லிசெகண்ட் இன்டர்லீவர் எதைக் கலைத்துப் போடும்? 60 கிமீயில் 47 ஹெர்ட்ஸ், பிழைகள் சிதறும், விட்டர்பி சமாளிக்கும். மெதுவான ஃபேடிங்கை (சிக்னலின் இந்த ஏற்ற இறக்கத்தை) பவர் கண்ட்ரோல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமுலேஷனில் அந்த லூப்பை அணைத்து வைத்திருக்கிறீர்களா, பாருங்கள்.

கன்வல்யூஷனல் கோடுக்குப் பதில், இரண்டு டிகோடர்கள் மாறி மாறித் திருத்தும் டர்போ கோடு போட்டால்?

192 பிட் மாதிரி சின்ன பிளாக்கில் ஆதாயம் குறைவு. டர்போ பலம் காட்டுவது ஆயிரக்கணக்கான பிட்டில். எல்டிஇயில் (4ஜி) பிளாக் 6144 வரை போகும். டர்போவுக்கு மேக்ஸ்-லாக்-மேப் என்ற எளிமையாக்கிய டிகோடர் எழுதினால், ஒரு டிகோடர் மற்றதற்குத் தரும் எக்ஸ்ட்ரின்சிக் மதிப்பை 0.75 ஆல் பெருக்குங்கள். அந்த டிகோடர் அதைப் பொதுவாக மிகைப்படுத்தும்.