97 சதவீதத் தேர்ச்சி சரி, மீதிப் பிள்ளைகள் எங்கே?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். 2021-22இல் ஒன்பதாம் வகுப்பில் 80 பேர் படித்தார்கள். 2025 மார்ச்சில் 60 பேர் பிளஸ் டூ எழுதி 58 பேர் பாஸ். தலைமையாசிரியர் 97 சதவீதம் என்கிறார். எனக்கோ கால்வாசிப் பேர் நின்றுவிட்டதாகத் தெரிகிறது. எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களுக்குள் போடும் கணக்கு. ஹாலுக்கே வராத பிள்ளை அதில் சேராது. 2023இல் பிளஸ் டூ தமிழ்த் தாளுக்கு மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வரவில்லை. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94 சதவீதம்!

உங்கள் கழித்தலிலும் ஓட்டை இருக்கிறது. டெல்டா கிராமங்களில் பல பள்ளிகள் பத்தாம் வகுப்போடு முடிகின்றன. அங்கிருந்து பிளஸ் ஒன்னுக்கு வந்தவர்களும் அந்த 60இல் இருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் சிலர் மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ மாறியிருப்பார்கள்.

எண்களை விட்டுவிட்டுப் பெயர்களைப் பின்தொடருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை எடுத்து, பிறகு வந்தவர்களைக் கூட்டி, வேறு பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழியுங்கள். பேச்சுக்கு, வந்தவர் 12, போனவர் 17 என்று வைத்தால் அடிப்படை 75. அதில் 58 பேர் முடித்தார்கள் என்றால் நிறைவு விகிதம் 77 சதவீதம். மீதி 17 பேரில் பாலிடெக்னிக், ஐடிஐ போனவர்கள் 6, பெயிலானவர்கள் 2 என்றால், நின்றவர்கள் 9. அதாவது 12 சதவீதம். தொழிற்படிப்புக்குப் போனவர்களைத் தனியாகக் காட்டுங்கள். அவர்கள் பிளஸ் டூ முடிக்கவில்லை, படிப்பை விடவும் இல்லை.

இந்தக் கணக்கு 'போனவர்' என்ற இடத்தில்தான் கெட்டுப்போகும். டிசி வாங்கிய பிள்ளை இன்னொரு பள்ளியில் சேர்ந்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். டிசி வாங்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையனும் உண்டு, கல்யாணம் முடிந்துபோன பெண்ணும் உண்டு. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பெயர் இன்னும் காமன் பூலிலேயே, அதாவது ஒரு பள்ளியை விட்டு இன்னொன்றில் சேராதவர்களின் பட்டியலிலேயே, கிடந்தால், எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் இதே முறையில் கணக்கெடுக்கும்போது, மாறியதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லாத மாணவரை அடிப்படையிலிருந்து கழிக்க விடுவதில்லை. நீங்களும் அந்தக் கறாரோடு இருங்கள். கழிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் சேர்ந்த பள்ளியின் பெயர் வேண்டும்.

அப்புறம், யூடைஸ் (மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பு) அறிக்கையில் வரும் இடைநிற்றல் விகிதத்தை இதோடு ஒப்பிடாதீர்கள். அது ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையிலானது. ஆண்டுக்கு மூன்று சதவீதம் என்றால் சின்னதாகத்தான் தெரியும். உங்களுடையது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்குமான மொத்தம்.

கூட்டத்தில் எண்களை மட்டும் வையுங்கள், பெயர்களை வாசிக்க வேண்டாம். இந்த ஆண்டு பத்தாவது முடிவு வந்ததுமே பட்டியலைப் போட்டுவிடுங்கள். பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் வீட்டுக்குப் போய்ப் பேசினால் சிலரையாவது சேர்த்துவிடலாம்.