சென்னையில் தினமும் வேலைக்குப் போய்வர மாநகரப் பேருந்து மலிவா, ஸ்கூட்டர் மலிவா? பெண்களுக்கான இலவசப் பயணம் உண்மையில் உதவுகிறதா?

நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போகும் பெண், வீட்டில் தவணையில் ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். செங்குன்றத்திலிருந்து பாரிமுனையிலுள்ள காகித மொத்தக் கடை ஒன்றுக்குக் கணக்கெழுதப் போய்வருகிறேன். எங்கள் ஊருக்கு மெட்ரோவும் இல்லை, மின்சார ரயிலும் இல்லை.

என் கணவர் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றபோது நானே கணக்குப் போட்டேன். போகவர ஏறத்தாழ 36 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோல் 100 ரூபாய் என்ற விலையில் நாளுக்கு 80 ரூபாய், 25 வேலை நாளுக்கு 2000 ரூபாய். தவணை, காப்பீடு, டயர், சர்வீஸ் எல்லாம் தனி. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மாதாந்திரப் பாஸோ 1000 ரூபாய். குளிர்சாதனப் பேருந்து தவிர மற்றவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஆட்டோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணப்படி, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும் அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் வைத்தாலே ஒருவழிக்கு 200 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தக் கட்டணத்துக்கு யாரும் வரவும் மாட்டார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லையே, பிறகு பாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தடத்தில் காலை நேரத்தில் சாதாரண வண்டிக்குக் காத்திருந்தால் முன்னால் இரண்டு டீலக்ஸ் போய்விடுகின்றன. கடையில் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள். அதனால் காலையில் பாஸைக் காட்டி எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன். இது இலவசத் திட்டத்தைக் குறை சொல்வதாகாது. எங்கள் தெருவில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு அந்த வண்டி இல்லையென்றால் வேலையே இல்லை. அவர்களுக்கு நேரத்தைவிடக் கையில் மிஞ்சும் பணமே பெரிது. அவர்கள் கணக்கும் சரியான கணக்குத்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மாலை சாதாரண வண்டியில் நான் உட்கார்ந்திருந்தபோது, “காசு கொடுத்தவங்க நிக்கிறாங்க, ஓசியில வந்தவங்க உக்காந்திருக்கீங்க” என்று நடத்துநர் எல்லாரும் கேட்கச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த அம்மா உடனே எழுந்துவிட்டார். அவரைக் கைபிடித்து உட்காரவைத்துவிட்டு, எங்கள் கட்டணத்தை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது, அதுவும் எங்கள் வரிப்பணம்தான் என்று நடத்துநரிடம் சொன்னேன். எல்லா நடத்துநர்களும் அப்படியென்று சொல்லவில்லை. அந்த நெரிசலில் நாள் முழுவதும் நிற்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் ஒரு வாரம் உங்கள் நிறுத்தத்தில், நீங்கள் கிளம்பும் நேரத்தில், சாதாரண வண்டி எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறதென்று பாருங்கள். அடிக்கடி வந்தால் பாஸும் வேண்டியதில்லை. இரவு வெகுநேரம் கழித்து வேலை முடியுமானால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்போது ஸ்கூட்டரே வாங்குங்கள்.