ஐந்தாவது புத்தகத்தை மகளுக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘பெர்சி ஜாக்சன்’ தொடரில் நான்கு புத்தகங்களை முடித்துவிட்டாள். ஐந்தாவதுதான் கடைசி என்கிறாள். கடையிலோ ஆறு, ஏழு என்றும் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவதில் பலர் செத்துப்போகிறார்களாமே, கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் மகள் சொல்வது சரி. கிரேக்கக் கடவுள்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகளைப் பற்றி ரிக் ரியோர்டன் 2005-இல் தொடங்கிய கதை 2009-இல் வந்த ‘தி லாஸ்ட் ஒலிம்பியன்’ புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. முதல் புத்தகத்திலிருந்து பூச்சாண்டி காட்டிவந்த ஆருடம், பெர்சிக்குப் பதினாறு வயதாகும் நாளில் பலிக்கிறது.

ஆறும் ஏழும் 2023, 2024-இல் வந்து சேர்ந்தவை. ஐந்தை முடித்த சூட்டில் ஆறை எடுத்தால் குழப்பம்தான். நடுவே 2010 முதல் 2014 வரை ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ என்று இன்னொரு ஐந்து புத்தகத் தொடர் வந்தது. ஆறாவதின் கதை அதற்கும் பிறகு நடப்பது. அதில் பெர்சி சேரத் துடிக்கும் கல்லூரி இருக்கும் ஊரே அந்த இரண்டாம் தொடரில்தான் அறிமுகமாகிறது. ஆகவே ஐந்து, பிறகு அந்த ஐந்து, அப்புறம்தான் ஆறு. இரண்டாம் தொடரின் முதல் புத்தகத்தில் பெர்சியைக் காணோம் என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அடுத்த புத்தகத்தில் வந்துவிடுவான்.

இனி எழுதுவதை மகள் கண்ணில் காட்டாதீர்கள்.

ஐந்தாவதில் சாவு முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. எதிரியின் கப்பலைத் தகர்க்க பெர்சியும் அவன் தோழன் பெக்கன்டார்ஃபும் போகிறார்கள், ஒருவன்தான் திரும்புகிறான். பிறகு மன்ஹாட்டன் போர். நியூயார்க் நகரமே மந்திரத் தூக்கத்தில் கிடக்க, பிள்ளைகள் பாலங்களில் நின்று சண்டை போடுகிறார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட வர்ணிக்கும் எழுத்து இல்லை இது. நடுநடுவே சிரிப்பும் உண்டு. அந்தப் பக்கங்களுக்காக நான் கவலைப்பட மாட்டேன்.

நான் யோசிப்பது லூக்கைப் பற்றி. அப்பா கைவிட்டார் என்ற கசப்பில் எதிரணிக்குப் போனவன். தன் உடம்புக்குள் புகுந்த, கடவுள்களின் எதிரியான குரோனோஸை ஒழிக்க, கடைசியில் தன்னையே குத்திக்கொள்கிறான். கதையில் அது தியாகம். ஆனாலும் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அண்மையில் யாராவது தற்கொலை செய்துகொண்டிருந்தால், கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், அல்லது அந்த அத்தியாயத்தைச் சேர்ந்து படியுங்கள். மற்றபடி, “லூக் நல்லவனா கெட்டவனா?” என்று கேட்டுக்கொண்டு வருவாள். சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள், அவள் பேசட்டும்.

இன்னொன்றும் கேட்பாள்: பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முங்கி எழுந்தவனுக்கு உடம்பில் ஓர் இடம் மட்டும் ஏன் பலவீனமாக இருக்கிறது? கிரேக்க வீரன் அக்கிலிஸின் குதிகாலைச் சொல்லுங்கள். கூடவே துரியோதனன் தொடையையும் சொன்னால் ஒரு ராத்திரிக் கதை தேறும்.

முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: தலைப்பில் இருக்கும் அந்தக் ‘கடைசி ஒலிம்பியன்’ யார்? பெர்சி என்றுதான் முதலில் சொல்வாள். அவன் பாதி மனிதன், ஒலிம்பஸ் கடவுள் இல்லை. விடையை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. அடுப்பங்கரைப் பக்கம் தேடச் சொல்லுங்கள்.