நீச்சலை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எனக்கு 41 வயது. விவாகரத்தாகி ஒரு வருஷமும் 4 மாதமும் ஆகிறது. 10 வயதில் ஒரு மகள். "வீட்டிலேயே அடைந்து கிடக்காதே" என்று எல்லாரும் சொன்னதால் ஓவியம், கிட்டார், நீச்சல் என்று சேர்ந்தேன். எதிலும் ஒரு மாதம் தாண்டவில்லை. நீச்சலில் மட்டும், தண்ணீருக்குள் முகத்தை வைத்து முதல்முறை மூச்சு விட்ட அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். டேட்டிங் ஆப்பில் பழகிய ஒருவருக்கு அந்த மாலை நேரம்தான் ஒழியும் என்றதால் அதையும் விட்டேன். இதுவரை மூன்று பேரைச் சந்தித்தாயிற்று. மூன்று பேரிடமும் முன்னாள் கணவரைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். எனக்கு இன்னொரு வாழ்க்கை அமையுமா?

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி கடைசி வரியில் இருக்கிறது, என் கண் நின்றதோ அந்த நீச்சல் வரியில். கடிதம் முழுக்கத் தேடினாலும் நன்றாகத் தூங்கியதாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரே ராத்திரி அதுதான், அதைக் கொடுத்த வகுப்பை, அதுவரை நேரில் பார்த்தேயிராத ஒருவரின் வசதிக்காக விட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. உரிமையோடு சொல்கிறேன், திரும்பப் போய்ச் சேருங்கள்.

நீச்சல் பழகுகிறவர்கள் ஆரம்பத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். தலை மேலே எழும்ப எழும்ப இடுப்பும் காலும் கீழே போகும். முகத்தை உள்ளே வைத்தால்தான் உடம்பு மட்டமாக மிதக்கும், மூச்சைக் குமிழ் குமிழாகத் தண்ணீரிலேயே விடப் பழகினால்தான் இறுக்கம் தளரும். நீங்கள் அதுவரைக்கும் வந்துவிட்டீர்கள், கஷ்டமான கட்டம் அதுதான். அந்த அரை மணி நேரம் வக்கீலும் இல்லை, முன்னாள் கணவரும் இல்லை, அடுத்த மூச்சு ஒன்றுதான் மனதில் இருந்திருக்கும்.

"எதிலும் நிலைக்க முடியவில்லை" என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 விஷயங்களை வரிசைப்படுத்தினார்கள். கணவன் அல்லது மனைவியின் சாவுக்கு 100 புள்ளி, அதற்கு அடுத்த இடத்தில் 73 புள்ளியோடு விவாகரத்து. வேலை போவதற்கே 47 தான். இவ்வளவு பெரிய அடி வாங்கிய மனசை மூன்று வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடினால் அது எங்கே ஒட்டும்? ஒன்று போதும். சுமாராகச் செய்தாலும் பரவாயில்லை, வாரா வாரம் அதே நேரம், அதே ஆட்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 50 மணிக்கே ஆறு மாதம் ஆகும். நீங்கள் ஒவ்வொன்றையும் எட்டு மணி நேரத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், பக்கத்தில் நீந்துகிறவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

சரி, டேட்டிங். அதில் தப்பு ஒன்றும் இல்லை, 41 வயதில் துணை வேண்டும் என்று நினைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் மூன்று பேரிடமும் பழைய கதையையே சொல்லியிருக்கிறீர்கள் என்றால், அந்தக் கதையைக் கேட்க ஆள் இல்லாமல் தவித்திருக்கிறீர்கள். அதைக் கேட்க வேண்டியது ஒரு தோழி, அல்லது கவுன்சலர். அவர்களிடம் முழுசாகக் கொட்டுங்கள், தேவைப்பட்டால் பத்து தடவை. தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் டாக்டரையும் பாருங்கள். அதுவரை ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், மூன்று மாதத்தில் யாரும் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள்.

மறுபடி போகும்போது விவாகரத்தானதையும் மகள் இருப்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள், அதைப் பார்த்து விலகுகிறவர் விலகட்டும். ஏன் பிரிந்தீர்கள் என்று முதல் நாளே கேட்டால், "அதை அப்புறம் பேசலாமே" என்று சொன்னால் போதும். பொது இடத்தில் ஒரு மணி நேரம் சந்தியுங்கள், எங்கே போகிறீர்கள் என்பது தோழிக்குத் தெரிந்திருக்கட்டும். நேரில் பார்க்காதவர் என்ன காரணம் சொல்லிப் பணம் கேட்டாலும் அன்றோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். மகளிடம் யாரையும் அவசரப்பட்டு அறிமுகப்படுத்தாதீர்கள். ஒருவர் வீட்டை விட்டுப் போனதை அவள் ஏற்கெனவே பார்த்தாயிற்று, இவர் நிலைப்பார் என்று உங்களுக்கே உறுதியான பிறகு அவளிடம் சொன்னால் போதும்.

இன்னொரு வாழ்க்கை அமையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணை அமைவது இன்னொருவர் கையிலும் இருக்கிறது, அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த மாலை நேரம் மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இனி யாராவது அதே நேரத்தில் சந்திக்கக் கேட்டால், "அன்றைக்கு எனக்கு நீச்சல் இருக்கிறது, வேறு நாள் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.