வன்னிச் சனத்துக்கெண்டு காசு கேட்டால் ஆருக்குக் கொடுக்கிறது? லண்டனுக்குப் புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, விசுவமடுவிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகுது, கோயிலிலும் வட்ஸ்அப்பிலும் "வன்னிச் சனத்துக்கு உதவி" என்று ஆளாளுக்குக் காசு கேட்கினம், ஆரை நம்பிக் கொடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர். கூடவே ஈஸ்ட்ஹாம் நல்லதோ ஹரோ நல்லதோ, லைசன்ஸ் எப்படி எடுக்கிறது, பகுதிநேர வேலை எங்கே என்று நீளப் பட்டியல். அதுகளுக்குப் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கினம். இந்தக் காசு விசயத்தில்தான் புதுப் பிள்ளைகள் மாட்டுப்படுகினம், அதை மட்டும் விரிவாய்ச் சொல்லுறன்.

நீர் கொடுக்கிற பத்துப் பவுணை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்குது. "தம்பி, சங்கத்துக்கு இன்னும் வங்கிக் கணக்குத் திறக்கேல்லை. உம்மட கணக்குக்கு ஒரு 3,000 வரும், அதை நான் சொல்லுற கணக்குக்கு மாத்திவிடும், நூறை நீர் வைச்சுக்கொள்ளும்." இப்படிக் கேட்பது உம்மட ஊர்க்காரர் என்றாலும், சொந்தத் தாய்மாமன் என்றாலும், ஏலாது என்று சொல்லிப்போடும். வருகிற காசு பெரும்பாலும் வேறெங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்தது. பறிகொடுத்தவர் முறையிட்டதும் வங்கி தேடி வருகிற முதல் கணக்கு உம்முடையது. கணக்கை மூடுவார்கள். சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் உம்மட பெயர் ஏறினால் ஆறு வருடம் கிடக்கும். அந்த ஆறு வருடமும் புதுக் கணக்கு, மாதக் கட்டண ஃபோன், கடன் எல்லாம் கல்லில் நார் உரிக்கிற வேலை. பணச்சலவைக்கு இந்த நாட்டில் உச்சத் தண்டனை 14 வருடம். உண்மையான சங்கத்துக்கு நேற்று வந்த பிள்ளையின் கணக்கு எதற்கு? வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் "ரெண்டு கிழமைக்குத் தா" என்று கேட்பதும் இதே வலைதான்.

இனிக் கொடுக்கிற விசயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட அறக்கட்டளை, சரிற்றி கொமிஷனில் (அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற அரச அமைப்பு) பதிய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் எங்கட ஆக்கள் நடத்துகிற அமைப்புகளுக்குப் பெரும்பாலும் அவை பொருந்தாது. நோட்டீசில் உள்ள இலக்கத்தைக் கொமிஷனின் இணையத்தளத்தில் போட்டுத் தேடும், ஒரு நிமிட வேலை. ஸ்கொட்லாந்துக்குத் தனிப் பதிவேடு, இலக்கம் எஸ்.சி. என்று தொடங்கும். சிலர் கொம்பனி இலக்கத்தைக் காட்டி "நாங்கள் பதிஞ்ச அமைப்பு" என்பார்கள். கொம்பனியை யாரும் வீட்டிலிருந்தே பதியலாம், அதற்கும் தர்மத்துக்கும் ஒரு தொடர்பும் தேவையில்லை.

இலக்கம் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தைத் திறந்து பாரும். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும், பிந்தினால் அதுவும் அங்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் பிந்துகிற அமைப்பின் கணக்குப் புத்தகம் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். வரவையும் செலவையும் ஒப்பிடும். அறங்காவலர் பெயர்களைப் பாரும், புருசன், பெண்சாதி, மச்சான் என்று ஒரு குடும்பமாய் இருந்தால் கணக்கை ஆர் ஆரிடம் கேட்பது? "எங்கே இயங்குகிறது" என்ற இடத்தில் இலங்கை இருக்குதோ என்றும் பாரும். வருமானம் குறைந்த சின்ன அமைப்புகளின் கணக்கறிக்கை அந்தத் தளத்தில் பெரும்பாலும் இராது. ஆனால் எழுத்தில் கேட்டால் கடைசிக் கணக்கறிக்கையின் பிரதியை இரண்டு மாதத்துக்குள் தரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, நியாயமான பிரதிச் செலவை மட்டும் கேட்கலாம். "கணக்குக் கேட்கிறாயோ?" என்று கோபப்படுகிறவருக்கு உம்மட காசு வேண்டாம்.

உண்மையான அறக்கட்டளையின் பெயரையும் இலக்கத்தையும் திருடி வேறு கணக்கு இலக்கத்தோடு நோட்டீஸ் அடிக்கிற ஆட்களும் உண்டு. அதனால் நோட்டீசில் உள்ள தொலைபேசியை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள தொடர்பில் கேளும். காசு அனுப்பும்போது கணக்குப் பெயர் பொருந்துதோ என்று வங்கிச் செயலி காட்டும். "பெயர் பொருந்தவில்லை" என்று வந்தால் அந்த இடத்திலேயே நிற்பாட்டும். அமைப்பின் பெயர் கேட்டுத் தனி ஆளின் பெயர் வந்தாலும் அப்படித்தான்.

கிஃப்ற் எயிட் படிவத்தை நீட்டுவார்கள். நீர் 100 கொடுத்தால் அரசிடம் இன்னொரு 25 அவர்களுக்குக் கிடைக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தளவு வரி அந்த வருடம் நீர் கட்டியிருக்க வேண்டும். வருடத்துக்கு 12,570 பவுணுக்குள் உழைக்கிறவருக்கு வழமையாய் வருமான வரியே இல்லை. வரி கட்டாமல் கையெழுத்து வைத்தால் குறைகிற தொகையை வரித் திணைக்களம் உம்மிடம்தான் கேட்கும். "சும்மா பேரும் விலாசமும் போடும் தம்பி" என்றால், வரி கட்டத் தொடங்கின பிறகு போடுறன் என்று சொல்லும்.

தெருவில் வாளி குலுக்கிச் சேர்க்க அனுமதி வேண்டும். லண்டனில் பொலிஸ் கொடுக்கும், மற்ற இடங்களில் உள்ளூராட்சி. முத்திரை வைத்த பெட்டியும் அடையாள அட்டையும் இல்லாதவருக்குச் சில்லறைகூடப் போடத் தேவையில்லை.

வட்ஸ்அப்பில் வருகிறதுதான் பெரிய தலையிடி. ஒரு பிள்ளையின் படம், ஆஸ்பத்திரித் துண்டு, அழுகிற குரல்பதிவு, கீழே ஒரு கணக்கு இலக்கம். படமும் துண்டும் உண்மையாய் இருக்கும், இலக்கத்தை மட்டும் இடையில் ஒருவர் மாற்றியிருப்பார். அல்லது பழைய படம், அந்தப் பிள்ளை எப்பவோ குணமாகியிருக்கும். இதைச் சரிபார்க்க வன்னியில் பிறந்த உமக்குத்தான் சுகம், இங்கே பிறந்ததுகளால் ஏலாது. துண்டில் எந்தக் கிளினிக், என்ன திகதி, வைத்தியரின் முத்திரை இருக்குதோ என்று பாரும். அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம், அப்போ எந்தச் செலவுக்குக் காசு? தனியார் ஆஸ்பத்திரி என்றால் எழுத்திலான செலவு மதிப்பீட்டைக் கேட்டு, நோயாளியின் இலக்கத்தோடு ஆஸ்பத்திரிக் கணக்குக்கே கட்டலாம். ஜனாதிபதி நிதியத்துக்கு (சிகிச்சைச் செலவுக்கு உதவுகிற இலங்கை அரச நிதி) விண்ணப்பித்தாயிற்றோ என்றும் கேளும், இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். உண்மையில் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வியே ஒரு உதவி.

கிராம அலுவலரின் கடிதம் காட்டினால் அதில் கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள ஃபோனுக்கு எடுக்காமல், கண்டாவளையோ கரைச்சியோ புதுக்குடியிருப்போ, அந்தப் பிரதேச செயலகத்துக்கு எடுத்து அங்கிருந்து ஜீ.எஸ்ஸை, அதாவது அந்தக் கிராம அலுவலரைப் பிடியும். குளிர்காலத்தில் இங்கே காலை 5 மணி என்றால் அங்கே 10.30, வேலைக்குப் போக முதல் கதைச்சு முடிக்கலாம். காசைப் பிள்ளையின் தாயின் சொந்தக் கணக்குக்கு அனுப்பும். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தனியாய் அனுப்பச் சொல்லும், அடையாள அட்டையைக் குழுவில் போடச் சொல்லாதேயும், அதை வைத்து வேறு களவு நடக்கும். முதல் தடவை சின்னத் தொகை, கிடைத்தது என்று அவவின் வாயாலேயே கேட்ட பிறகு மிச்சம். பிள்ளையின் பெயரில் உள்ள சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் 18 வயது மட்டும் பொதுவாய் எடுக்க ஏலாது. எதிர்காலத்துக்கு நல்லது, ஆனால் தை மாதம் சப்பாத்து வாங்க அது உதவாது.

மாதாமாதம் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கிற திட்டங்களில் ஒரே பிள்ளையைக் கனடாவில் ஒருவருக்கும் சுவிசில் ஒருவருக்கும் லண்டனில் ஒருவருக்கும் விற்கிற கூத்து நடக்குது. பாடசாலை அதிபரிடம் கேட்டால் பிள்ளைக்கு வேறு எங்கிருந்து உதவி வருகுது என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

யூரியூப் காரரைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. கமெராவோடு வீட்டுக்குள் நுழைந்து, கணவனை இழந்த பெண்ணின் சமையல் பானையைத் திறந்து காட்டி, குமர்ப்பிள்ளையின் முகத்தையும் காட்டி, கடைசியில் ஒரு அரிசி மூட்டை. வெளிநாட்டிலிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எந்தக் காணொளியிலும் கணக்கு இல்லை. இதற்கு எங்கட ஆக்களும் உடந்தை. "எனக்கு நன்றி சொல்லி வீடியோ போடச் சொல்லு" என்று கேட்கிறவர்கள் இங்கேதான் இருக்கினம். தண்ணித் தாங்கியில் தண்ணியை விடப் பெயர்ப்பலகை பெரிசாய் இருக்கிறதும் இந்தக் குணத்தால்தான்.

இணையத்தில் நிதி சேர்க்கிற கோஃபண்ட்மி தளத்தில் இலங்கைக்கு நேரே காசு எடுக்க வசதி இல்லை. ஆகவே முல்லைத்தீவுப் பிள்ளைக்கு என்று போட்டாலும் காசு முதலில் வெளிநாட்டில் உள்ள ஒருவரின் கணக்குக்குத்தான் போகும். பயனாளி எழுதின கதையைப் பார்க்காமல், காசை எடுக்கிறவர் ஆர் என்று பாரும். 10 பவுண் போட்டால் 2.9 வீதமும் 25 பென்ஸும், மொத்தம் 54 பென்ஸ் கழியும். அதற்கு மேலே "ரிப்" (தளத்துக்கான அன்பளிப்பு) என்று ஒரு கோடு தானாய் நகர்ந்து நிற்கும், அதைப் பூச்சியத்துக்கு இழுக்கலாம்.

உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றுகிற முறை) அனுப்பினால் ரேட் கூட வரும், எனக்கும் தெரியும். பதிவில்லாமல் காசு அனுப்புகிறது இங்கே சட்டவிரோதம், பிடிபட்டால் உம்மட காசும் முடங்கும். அங்கே வாங்குகிறவரிடமும் "இந்தக் காசு எங்கிருந்து, ஏன்" என்று விசாரணைக்கு வருவார்கள், காட்ட ஒரு துண்டும் இராது. இன்னொன்று: இயக்கம் (விடுதலைப் புலிகள்) இந்த நாட்டில் 2001 இலிருந்து தடை. அந்தப் பெயருக்குச் சேர்க்கிற காசுக்குக் கொடுப்பது 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் குற்றம். விசா முடிவு வராத பிள்ளை அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காதேயும்.

ஏமாந்துபோனால் அன்றைக்கே 159க்கு அடித்து உம்மட வங்கியைப் பிடியும். 2024 ஒக்ரோபர் 7 முதல், இந்த நாட்டுக்குள் கணக்கு விட்டுக் கணக்கு அனுப்பி மோசடியில் இழந்த காசை 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், 13 மாதத்துக்குள் முறையிட வேண்டும், 100 பவுண் வரை கழிக்கலாம். கையில் கொடுத்த காசுக்கும் இலங்கைக்கு நேரே அனுப்பின காசுக்கும் இது செல்லாது. அமைப்பு உண்மையானது, சொன்ன கிணற்றைத்தான் வெட்டவில்லை என்றால் வங்கி அதை மோசடி என்று எடுக்காமல் தகராறு என்று சொல்லலாம். அதற்கு சரிற்றி கொமிஷனிடம் போக வேண்டும். வெட்கத்தில் மூடி மறைக்கிறவர்களால்தான் அதே ஆள் அடுத்த கோயிலில் நிற்கிறான்.

ஒரு காலம் இங்கே இயக்கத்துக்கெண்டு வீடு வீடாய் வந்து மாதக் காசு வாங்கினார்கள், கேள்வி கேட்டவனுக்குத் துரோகிப் பட்டம். பிறகு 2004 சுனாமி நேரம் சனம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, முறிகண்டிப் பிள்ளையாருக்கு பஸ்ஸை விட்டு இறங்கிக் காசு போடுகிற மாதிரிக் கண்ணை மூடிப் போடுகினம். ஊரில் இருந்தபோது நாங்கள் அப்படி இல்லையே. கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளர் எழுந்து வரவு செலவு வாசிப்பார், பின்வரிசையில் இருந்து ஒரு அப்பு "ஆணிக்கு எவ்வளவு எண்டனீர்?" என்று கேட்பார், பற்றுச்சீட்டைக் காட்டும் மட்டும் விடமாட்டார். இங்கே வந்து கோட்டுப் போட்டதும் அந்த வாய் எங்கே போனதோ தெரியாது.

உம்மட முதல் வருடத்துக்கு என்னைக் கேட்டால் படித்த பள்ளிக்கூடம்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டு வாங்கும், அதிபரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். கொப்பிகள் தையில் எல்லாரும் கொடுப்பினம், மாரியில் வெள்ளம் வந்த பிறகு என்ன குறையுது என்று கேட்டு அனுப்பும். கோழி, ஆடு வாங்கிக் கொடுக்க விருப்பம் என்றால் கூட்டுக்கும் தடுப்பூசிக்கும் சேர்த்துக் கணக்குப் போடும், குஞ்சுகளை மட்டும் கொடுத்தால் ஒரு நோயோடு முழுதும் செத்துப்போகும். வீடு, மலசலகூடம் என்று பெரிசாய் யோசித்தால் முதலில் காணிப் பெர்மிற் ஆரின் பெயரில் என்று பாரும், வன்னியில் நிறையக் காணி அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணி. பிறகு அத்திவாரம், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலே போடுகிற வளை), கூரை என்று மூன்று தவணையாய், ஒவ்வொன்றுக்கும் சீமெந்துக் கடை பில்லைப் பார்த்த பிறகு அடுத்ததை அனுப்பும்.