ஆபரேட்டர் பதில்கள்: கயிறு யார் கையில்?

கேள்வி: 'தி மெக்கானிக்' என்று ஒரு படம். கூலிக்கொலைகாரன் ஒருவன் இளவட்டம் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு தொழில் பழக்குகிறான். நான் பார்த்தது புதுசு. பழையது ஒன்று இருக்கிறது, அதுதான் ஒசத்தி என்கிறார் என் மச்சான். நம்பலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: மச்சானை நம்புங்கள். பழையது 1972-இல் வந்தது. மைக்கேல் வின்னர் இயக்கம், சார்லஸ் பிரான்சன் நடிப்பு. நீங்கள் பார்த்தது 2011-இல் சைமன் வெஸ்ட் இயக்கி, ஜேசன் ஸ்டாதம் நடித்தது. கதைக்கு எலும்பு ஒன்றுதான், முடிவு வேறு வேறு. அதைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதில் முதல் 16 நிமிடம் போல வசனமே கிடையாது. பிரான்சன் எதிர்ப்புறத்து அறையிலிருந்து ஒருவன் வீட்டை நோட்டம் பார்க்கிறார். படம் பிடிக்கிறார். ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே போய் கேஸ் அடுப்பில் கை வைத்துவிட்டு வந்து காத்திருக்கிறார். 1,000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஆக ஒன்றரை ரீலுக்குப் பேச்சில்லை. நான் புரொஜெக்டர் ஓட்டிய கீற்றுக் கொட்டகையில் இதைப் போட்டிருந்தால், "ஆபரேட்டர், சவுண்டு!" என்று கத்தி, தரை டிக்கெட்டிலிருந்து கேபின் ஓட்டைக்குள் மணலை அள்ளி வீசியிருப்பார்கள்.

கேள்வி: படம் முழுக்க ஒரு ஒர்க்‌ஷாப்கூட இல்லை. பிறகு ஏன் 'மெக்கானிக்'? (தொண்டி வாசகி)

பதில்: அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் கூலிக்கொலைகாரனுக்கு அதுதான் பெயர். சாவு விபத்து மாதிரித் தெரியும்படி கச்சிதமாகப் பொருத்திவிட்டு வருகிறவன். நம் பக்கம் இந்தப் பெயரில் போஸ்டர் ஒட்டினால், பாதிக் கூட்டம் விசைப்படகு என்ஜினைத் தேடிக்கொண்டுதான் உள்ளே வரும்.

கேள்வி: அப்பாவைக் கொன்றவனே அவர் மகனைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்கிறான். லாஜிக் இடிக்கிறதே? (கீழக்கரை வாசகர்)

பதில்: எனக்கு இடிக்கவில்லை. அவன் ஒண்டிக்கட்டை. வீடு பெரிசு, பேச ஆளில்லை. செத்தவரும் வேண்டியவர்தான். மகனைப் பார்த்தால் உறுத்தல் ஒரு பக்கம், நமக்குப் பிறகு யார் என்ற ஏக்கம் ஒரு பக்கம். ஆனால் கயிற்றைக் கொடுக்கக் கூடாத கையில் கொடுத்துவிட்டான்.

முத்துக் குளித்த காலத்தில் கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குகிறவன், தோணியில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கூடப் பிறந்தவன் பங்காளி. கயிறு நழுவினால் அவனுக்குச் சொத்தில் ஒரு பங்கு கூடும். மச்சானுக்கு அப்படியில்லை, தாலி அறுக்கப்போவது அவன் அக்காள். (சங்குக்கு இறங்கிய என் சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் என் அப்பாதான் உட்கார்ந்திருப்பார், அது வேறு விஷயம்.)

கேள்வி: நானும் மெக்கானிக்தான், விசைப்படகு என்ஜினுக்கு. ஒரு பையன் வேலை பழக வந்திருக்கிறான். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவானோ? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: போட்டாலும் போடுவான். லுக் பெசோன் 1994-இல் எடுத்த 'லியோன்' படத்திலும் ஒரு கொலைகாரன் 12 வயதுப் பெண்ணுக்குத் தொழில் பழக்குவான். முதல் பாடம் தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி, கடைசிப் பாடம் கத்தி. கை தேறத் தேறத்தான் ஆளை நெருங்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

எங்கள் கேபினிலும் அதே வரிசைதான். ஆறு மாதம் வெறும் ரீவைண்டிங், ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவது. அப்புறம் அறுந்த பிலிமைச் சுரண்டி ஒட்டுவது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைத் தொட விட்டது இரண்டாம் வருடம். ஒரு ரீல் முடியும்போது படத்தை அடுத்த ரீல் இருக்கும் மெஷினுக்கு மாற்றுவதை மட்டும், எனக்குத் தொழில் பழக்கிய ஆபரேட்டர் அண்ணன் சொல்லவே இல்லை. கேட்டால், "போகப் போகத் தெரியும்" என்பார். ரீல் முடிகிற நேரத்தில் அவர் கழுத்து லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலே போகும். ஒருநாள் நானும் அங்கே பார்த்தேன். திரையின் வலது மேல் மூலையில், இமைக்கிற நேரம், ஒரு புள்ளி. உடனே அடுத்த மெஷின் மோட்டாரைப் போட்டார். சுமார் 7 விநாடியில் இன்னொரு புள்ளி. மாற்றிவிட்டார். கீழே ஒரு தலை திரும்பவில்லை.

அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று இரண்டாம் ஆட்டத்தை நான்தான் ஓட்டினேன். மறுநாள் வந்து, "யாருடா சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"உங்க கழுத்துண்ணே."

ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் டீ வாங்க என்னை அனுப்பாமல் அவரே போனார், இரண்டு டீயோடு வந்தார். உங்கள் பையனும் என்ஜின் சத்தத்துக்கு நீங்கள் எந்தக் காதைச் சாய்க்கிறீர்கள் என்று இந்நேரம் பார்த்துவைத்திருப்பான். சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிரான்சன் முகத்தில் நடிப்பே இல்லையே? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: தங்கலுக்குப் போய், நாள் கணக்கில் கடலிலேயே கிடந்து, வெறும் வலையோடு கரையேறுகிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? டீசல் காசாவது தேறியதா என்று கேட்கக்கூட வாய் வராது. அந்த முகம் அது.