மணல் எதையும் சேமித்து வைக்காது

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டக்களப்பு, களுதாவளையில் கடற்கரைப் பக்கமாகக் கால் ஏக்கர் தோட்டம், முழுக்க மணல். இரசாயனப் பசளை இல்லாமல் சந்தைக்கு மரக்கறி செய்யவேண்டும் என்று புரட்டாதியில் மூன்று ரக்டர் பெட்டி மாட்டெரு பறித்துக் கொத்திப் புரட்டினேன். மிளகாய், கத்தரி, பாகல் வைத்தேன். கார்த்திகை வரைக்கும் நல்ல பச்சை. தை பிறந்தபோது கீழ் இலையெல்லாம் மஞ்சள். சில மிளகாய்க் கன்றுகள் மத்தியானத்தில் வாடி, பொழுதுபட நிமிர்கின்றன. பக்கத்து வளவில் யூரியா போட்டவருடைய தோட்டம் கரும்பச்சையாகக் கிடக்கிறது. "2021இல் நாடே பட்டும் உனக்குப் புத்தி வரவில்லையா" என்று அப்பா கேட்கிறார். இயற்கை முறை எங்கள் மண்ணுக்குச் சரிவராதா?

க., களுதாவளை

அன்புள்ள தம்பி,

சரிவரும். ஆனால் நீங்கள் செய்தது களிமண்ணுக்கு ஏற்ற முறை. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் மண்ணில் ஒரே தரத்தில் எருவைக் கொட்டினால் மண் அதைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுக்கும். கடலோரத்து எழுவான்கரை மணலுக்கு அந்தப் பிடி இல்லை. எரு உக்கி, அதிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறியதும் தண்ணீரில் கரைந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு கொட்டும் மாரி அதை வேருக்குக் கீழே கொண்டுபோய் நிலத்தடி நீரில் சேர்த்துவிடுகிறது. கார்த்திகை வரை பச்சை, தையில் மஞ்சள் என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான் காட்டுகிறது. பழைய இலை முதலில் மஞ்சளாவது நைதரசன் குறைவின் அடையாளம். யூரியாவும் மணலில் இப்படித்தான் கழுவுப்படும். திரும்பத் திரும்பப் போடுவதால் வெளியில் தெரிவதில்லை, அவ்வளவுதான். கழுவுப்பட்டது போய்ச் சேர்வது நாம் குடிக்கிற கிணற்று நீரில்.

அப்பாவின் கோபம் நியாயமானது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். கூட்டெருவே போதிய அளவு இல்லாத நேரத்தில் ஒரே போகத்தில் மாறச் சொன்னது பெரிய பிழை. அதை இந்த முறையின் தோல்வி என்று நான் ஏற்கமாட்டேன். நீங்களும் முழுத் தோட்டத்தையும் ஒரே போகத்தில் மாற்றியிருக்க வேண்டாம்.

இனிச் செய்யவேண்டியது எருவைப் பிரித்துப் போடுவது. ஒரு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளமான பாத்திக்கு ஒரு போகத்துக்கு நன்றாக உக்கிய கூட்டெரு 25 கிலோ. அதில் மூன்றிலொரு பங்கை மட்டும் நடும்போது குழியில் போடுங்கள். மிச்சத்தைப் பங்குபோட்டு மூன்று கிழமைக்கு ஒருதரம், மண்ணை மூடியிருக்கும் வைக்கோல் மூடாக்கை விலக்கி வேரோரம் தூவி, திரும்ப மூடிவிடுங்கள். கூடவே அதே பாத்திக்கு அதே இடைவெளியில் பச்சைக் கிளிசரிடியா இலை 10 கிலோ. அதில் ஏறக்குறைய 70 கிராம் நைதரசன் இருக்கும், அதாவது 150 கிராம் யூரியாவில் உள்ள அளவு. கால் ஏக்கரைச் சுற்றி ஏறக்குறைய 130 மீற்றர் வேலி வரும். அரை மீற்றருக்கு ஒரு கிளிசரிடியாத் தடி ஊன்றினால் 260 மரம். முதல் வெட்டுக்கு ஒரு வருடம் பொறுக்கவேண்டும், அதுவரை இலையை வெளியிலிருந்துதான் எடுக்கவேண்டும். பிறகு வருடம் மூன்று நான்கு தரம் வெட்டலாம்.

கோழி எருவில் கவனம். உக்காமல் போட்டால் வேரைச் சுடும், உப்பும் அதிகம். கூட்டெருக் குவியலில் கலந்து உக்கவைத்த பிறகே தோட்டத்துக்குள் வரட்டும்.

கூட்டெருக் குவியல் நான்கு அடி அகலம், நான்கு அடி உயரமாவது இருந்தால்தான் சூடேறும். காய்ந்த வைக்கோல், சருகு இரண்டு பங்கு, பச்சை இலையும் சாணியும் ஒரு பங்கு. வாவியில் அள்ளும் ஆற்றுவாழையையும் (ஆகாயத்தாமரை) சேர்க்கலாம், இரண்டு நாள் வாடவிட்டுப் போட்டால் குவியல் அழுகி நாறாது. மணலில் குவிப்பதென்றால் அடியில் பொலித்தீன் விரியுங்கள், மேலே கிடுகு போடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் சத்து கழுவுப்பட்டு நிலத்துக்குள் போய்விடும். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இரும்புக் கம்பியொன்றைக் குத்தி வைத்து நான்காம் நாள் இழுத்துப் பாருங்கள்: கை வைக்க முடியாத சூடு இருக்கவேண்டும். சூடு தணிந்ததும் புரட்டுங்கள். மூன்று மாதத்தில் மண்வாசம் வரும்.

அடுத்தது பாத்தி. உயர்ந்த பாத்தி மாரிக்குச் சரி. ஆனால் வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றடிக்கும்போது மணலில் உயர்ந்த பாத்தி நாலாபுறமும் காயும். கோடையில் பாத்தியை நடைவழியைவிட நான்கு அங்குலம் தாழ்த்திப் போடுங்கள். பாகல், புடோல் குழிகளை இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழமாக வெட்டி, அடியில் ஊறவைத்த தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். ஊற்றும் தண்ணீரை அது கிண்ணம்போல ஏந்தும், வேரும் அதற்குள் இறங்கும். மேலே மூன்று அங்குல வைக்கோல் மூடாக்கு. தண்டைத் தொடாமல் நான்கு விரல் விடுங்கள், தொட்டால் அடி அழுகும்.

கச்சான் காலத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து ஆறு லீற்றர் தண்ணீர் வேண்டும். உங்கள் பாத்திக்குப் பத்து லீற்றர் பூவாளியால் ஆறு தரம், காலையில் மூன்று, பின்னேரம் மூன்று. ஆறையும் ஒரே வேளையில் ஊற்றினால் பாதி வேரைத் தாண்டிப் போய்விடும், சத்தையும் கொண்டுபோகும். பம்பைப் போட்டு மணிக்கணக்காக இறைக்காதீர்கள். கடலோர மணலில் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நன்னீர் நிற்கிறது, அதிகம் இறைத்தால் உப்புநீர் மேலே வந்துவிடும்.

இப்போது வாடுகிற மிளகாய். இதை நாளைக்கே பாருங்கள். ஒரு கன்றை இழுக்காமல் தோண்டி எடுத்து வேரைக் கழுவுங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு (வேருக்குள் வாழும் நுண்புழு), மணலில் மிகச் சாதாரணம். முடிச்சில்லை என்றால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாசுத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல இழை இறங்கினால் பக்டீரியா வாடல். அப்படியானால் வாடும் கன்றுகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் சில போகத்துக்கு வேண்டாம். வட்டப்புழு என்றால் அந்த இடத்தில் அடுத்ததாகக் கச்சான் கடலை (நிலக்கடலை) போடுங்கள், அல்லது சணப்பு விதைத்துப் பூக்கும் தறுவாயில் வெட்டி அங்கேயே பரப்புங்கள். வெண்டியும் பயற்றையும் வேண்டாம், இரண்டும் அந்தப் புழுவைப் பெருக்கும்.

அடுத்த மாரியிலும் தோட்டத்தில் மூன்றிலொரு பங்கைக் கச்சான் கடலைக்கோ சணப்புக்கோ விடுங்கள். வெறும் மணலில் மழை விழக்கூடாது. உயிருள்ள வேர் இருந்தால் ஓடுகிற சத்தில் ஒரு பகுதியையாவது பிடித்து வைக்கும்.

பாகலுக்குப் பழ ஈ வரும். பிஞ்சு விரலளவு வந்ததும் பேப்பர்ப் பையால் மூடிக் கட்டுங்கள். குத்துப்பட்ட காயை வேலியோரம் எறியாமல் கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு கிழமை வெயிலில் போடுங்கள். கத்தரியில் தொங்கும் நுனியைக் கிழமைக்கு ஒருதரம், ஓட்டைக்குக் கீழே வெட்டி எரியுங்கள். புழு அதற்குள்தான் இருக்கும்.

காசு புரள இரண்டு பாத்தியைக் கீரைக்கு ஒதுக்கி, கிழமைக்குக் கால்வாசியாக விதையுங்கள். நான்கு கிழமையில் முதல் பிடி சந்தைக்குப் போகும்.

நிற்கிற மஞ்சள் பயிரை விட்டுவிடவேண்டாம், முடிச்சும் வாடலும் இல்லாத கன்றுகள் தேறும். நூறு லீற்றர் பரலில் கிளிசரிடியா இலை 10 கிலோ, சாணி 2 கிலோ, மிச்சம் தண்ணீர். நாளுக்கு ஒருதரம் கிளறி, இரண்டு கிழமையில் வடித்து, ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, கன்றுக்கு ஒரு லீற்றர் வீதம் கிழமைக்கு ஒருதரம் வேரடியில் ஊற்றுங்கள், பின்னேரத்தில். சாணி கலந்தது, கீரைக்கு ஊற்றாதீர்கள். புதுத் துளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைக் கண்டு மனம் விடவேண்டாம். வேரில் என்ன இருந்தது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா